லினக்ஸ் டிரைவரில் எரர் கோடு வந்தால்: எண்ணிலிருந்து மூலத்துக்குப் போகும் வழி

புதிதாக எழுதிய டிரைவரை (ஒரு வன்பொருளை இயக்கும் நிரலை) ஏற்றியதும் கெர்னல் (லினக்ஸின் மையக்கரு) பதிவில் -121 என்று ஒரு வரி வருகிறது. எழுதியவர் உடனே அந்த எண்ணை இணையத்தில் தேடுகிறார். யாரோ எப்போதோ வேறு போர்டுக்குச் சொன்ன பத்து வைத்தியங்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறார். மாலைக்குள் மூன்று கோப்புகள் மாறியிருக்கும், காலையில் வந்த பிழை என்னவென்பதே மறந்திருக்கும். பலருக்கு இப்படி நடப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் இந்த வரிசையை எழுதி வைக்கத் தொடங்கினேன்.

கீழடுக்கில் ஏதோ ஒரு ஃபங்ஷன் தான் கண்டதை ஒரே எண்ணில் சுருக்கி மேலே அனுப்புகிறது. அதுதான் எரர் கோடு. அது எங்கே பிறந்தது, வரும் வழியில் யாராவது அதை மாற்றினார்களா என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கீழே உள்ள படிகள் அதற்காகத்தான். எடுத்துக்காட்டுக்கு ஐ2சி பஸ்ஸில் (சில்லுகளை இரண்டு கம்பிகளில் இணைக்கும் தடத்தில்) இருக்கும் ஒரு வெப்பநிலை சென்சாரை எடுத்துக்கொள்கிறேன். எஸ்பிஐ, யூஎஸ்பி, பிசிஐ எதுவானாலும் வரிசை இதேதான்.

1. உட்காரும் முன் தயாராக இருக்க வேண்டியவை

போர்டில் ஓடும் அதே பதிப்பின் கெர்னல் மூலநிரல் வேண்டும். அடுத்த பதிப்பு இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். திரும்பி வரும் எண்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறுவதுண்டு. இல்லாத வரியைத் தேடி அரை நாள் போய்விடும்.

சீரியல் கன்சோல் ஒன்று வேண்டும். போர்டு உறைந்துபோனால் எஸ்எஸ்ஹெச் வழியாக எதுவும் தெரியாது. கடைசி வரி சீரியலில் மட்டுமே கிடைக்கும்.

கெர்னல் கட்டமைப்பில் நான்கு வசதிகளை இயக்கி வையுங்கள்: டீபக்எஃப்எஸ் (கெர்னலின் உள்நிலையைக் கோப்புகளாகக் காட்டுவது), டைனமிக் டீபக் (டீபக் வரிகளை ஓடும்போதே இயக்குவது), ஃபங்ஷன் கிராஃப் டிரேசர் (எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டது என்று காட்டுவது), எரர் எண்ணைப் பெயராக அச்சிடும் வசதி. இவற்றைப் பிழை வந்த பிறகு சேர்க்கப்போனால் கெர்னலை மறுபடி கட்ட வேண்டும். சில பிழைகள் அந்த மறுகட்டலிலேயே மறைந்துவிடும், காரணம் தெரியாமலே.

சென்சாரின் டேட்டாஷீட்டும் போர்டின் மின்சுற்று வரைபடமும் மேசையில் இருக்கட்டும். மல்டிமீட்டர் கட்டாயம் வேண்டும், லாஜிக் அனலைசர் இருந்தால் நல்லது.

2. முதல் பிழையை எழுதி வையுங்கள், கடைசிப் பிழையை அல்ல

கெர்னல் பதிவில் நம் கண் தானாகவே கடைசி வரிக்குப் போகும். அது பெரும்பாலும் விளைவுதான். மின்சாரம் தரும் ரெகுலேட்டர் ஏற்றப்படவில்லை, அதனால் சென்சார் பதிலளிக்கவில்லை, அதனால் அதை நம்பியிருந்த இன்னொரு டிரைவர் விழுந்தது என்று சங்கிலியாக வரும்போது, கடைசி வரியில் இருப்பது மூன்றாவது ஆள். பதிவை மேலிருந்து படித்து, நேர முத்திரையோடு முதல் பிழை வரியைத் தனியே எழுதுங்கள்.

எண் வேறு வேடத்திலும் வரும். -22 என்பதைக் குறியில்லா எண்ணாக அச்சிட்டால் 4294967274 என்று தெரியும். பயனர் நிரல் அதைத் தன் முடிவு எண்ணாகக் கொடுத்தால் எட்டு பிட்டுக்குச் சுருங்கி 234 ஆகிவிடும். ஆக, 4294967 என்று தொடங்கும் பெரிய எண்ணைப் பார்த்தால் 4294967296-ஐக் கழியுங்கள். 200-க்கு மேல் 256-க்குள் ஓர் எண் வந்தால் 256-ஐக் கழித்துப் பாருங்கள்.

மைனஸ் இல்லாமல் வரும் சின்ன எண்ணையும் சந்தேகியுங்கள். ‘ப்ரோப் 2 என்ற பிழையோடு தோற்றது’ (ப்ரோப் என்பது சாதனத்தைத் தயார்செய்ய கெர்னல் கூப்பிடும் டிரைவர் ஃபங்ஷன்) என்று வந்தால் பட்டியலில் 2-ஐத் தேடி ‘கோப்பு இல்லை’ என்ற பொருளைப் பிடித்துக்கொண்டு போகக்கூடாது. கெர்னல் ஃபங்ஷன்கள் தோல்வியை எதிர்மறை எண்ணாகத்தான் சொல்லும். இந்த 2 எங்கிருந்து வந்தது என்று 7-ஆம் படியில் பார்ப்போம்.

3. எண் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது?

1 முதல் 34 வரை உள்ளவை அடிப்படை எண்கள். 5 என்றால் உள்ளீடு-வெளியீட்டுப் பிழை, 12 நினைவகம் இல்லை, 16 வேறு யாரோ பயன்படுத்துகிறார்கள், 19 அப்படி ஒரு சாதனம் இல்லை, 22 கொடுத்த மதிப்பு தவறு. இவை அநேகமாக எல்லாச் செயலி வகைகளிலும் ஒன்றுதான்.

35 முதல் 133 வரை உள்ளவை அடுத்த கூட்டம். இங்கே ஒரு கவனம் தேவை. ஆர்ம், எக்ஸ்86, ரிஸ்க்-5 போர்டுகளில் ‘நேரம் முடிந்துவிட்டது’ என்பது 110. எம்ஐபிஎஸ் சில்லு உள்ள பழைய ரவுட்டரில் அதே பிழைக்கு எண் 145. அதனால் நிரலில் எண்ணை நேரடியாக ஒப்பிடாதீர்கள், பெயரைப் பயன்படுத்துங்கள்.

512-உம் அதற்கு மேல் உள்ளவையும் கெர்னலின் உள்வீட்டு எண்கள். பயனர் நிரலுக்கு அவை தெரியவே கூடாது. 512 என்றால் சிக்னல் வந்து குறுக்கிட்டது, அழைப்பை மறுபடி தொடங்கு என்று பொருள். 517 என்றால் ‘எனக்கு வேண்டியது இன்னும் வரவில்லை, பிறகு கூப்பிடு’. ஒரு பயனர் நிரல் 524 என்ற பிழையைக் காட்டினால் சாதனத்தை விட்டுவிடுங்கள். உள்ளே இருக்க வேண்டிய எண்ணை ஏதோ ஒரு டிரைவர் வெளியே கசிய விட்டிருக்கிறது.

4. ப்ரோப் நடந்ததா என்று உறுதி செய்யுங்கள்

‘பதிவில் ஒன்றுமே இல்லை, ஆனால் வேலையும் செய்யவில்லை’ என்று வருபவர்கள் நிறைய. அவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்தப் படியைத்தான்.

டிரைவரின் ப்ரோப் ஃபங்ஷன் பிழையோடு திரும்பினால் கெர்னல் வழக்கமாக ஒரு எச்சரிக்கை வரி போடும். ஆனால் மூன்று எண்களுக்கு மட்டும் வாயைத் திறக்காது: -19, -6, -517. முதல் இரண்டும் ‘இந்தச் சாதனம் என்னுடையது இல்லை’ என்று டிரைவர் மறுப்பதாகக் கொள்ளப்படுகின்றன. மூன்றாவது வெறும் தள்ளிவைப்பு. மூன்றுமே டீபக் நிலையில்தான் அச்சாகும், சாதாரணப் பதிவில் தெரியாது.

எனவே வரிசை இது. முதலில் சிஸ்எஃப்எஸ் (சாதனங்களையும் டிரைவர்களையும் கோப்புகளாகக் காட்டும்) அடைவில் பஸ்ஸுக்குக் கீழே சாதனத்தின் பெயர் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் டிவைஸ் ட்ரீயில் (போர்டில் என்னென்ன சாதனங்கள் உள்ளன என்று கெர்னலுக்குச் சொல்லும் கோப்பில்) கோளாறு: ஸ்டேட்டஸ் வரி ‘ஓகே’ ஆகவில்லை, அல்லது தவறான பஸ்ஸின் கீழே எழுதியிருக்கிறீர்கள். சாதனம் இருந்தும் அதற்குள் டிரைவர் என்ற இணைப்பு இல்லையென்றால் இரண்டில் ஒன்று. சாதனத்தையும் டிரைவரையும் பொருத்தும் கம்பேட்டிபிள் சரம் ஒத்துப்போகவில்லை, அதனால் ப்ரோப் கூப்பிடப்படவே இல்லை. அல்லது கூப்பிட்டும் தோற்றது.

அடுத்து, டீபக்எஃப்எஸ்ஸில் ‘டிவைசஸ் டிஃபர்டு’ என்ற கோப்பைத் திறந்து பாருங்கள். -517 கொடுத்துக் காத்திருக்கும் சாதனங்கள் எல்லாம் அங்கே வரிசையில் நிற்கும். டிரைவர் எழுதியவர் ‘டெவ் எர்ர் ப்ரோப்’ ஃபங்ஷனைப் பயன்படுத்தியிருந்தால் காத்திருப்புக்கான காரணமும் அதே வரியில் இருக்கும். இந்த ஃபங்ஷன் 2020-இல் கெர்னல் 5.9-இல் வந்தது. உங்கள் ப்ரோப்பில் பிழை அச்சிடும் இடங்களிலெல்லாம் இதையே வையுங்கள். மற்ற எண்களைச் சத்தமாகச் சொல்லும், -517-ஐ மட்டும் பதிவில் கொட்டாமல் காரணத்தைச் சேமித்து வைக்கும். தள்ளிவைப்பு பூட் நேரத்தில் பலமுறை நடக்கும் என்பதால் இது முக்கியம். இல்லாத பிழைக்காகப் பதிவில் இருபது வரி வந்தால், உண்மையான ஒரு வரி அதில் தொலைந்துவிடும்.

5. எண் பிறந்த இடத்துக்கு இறங்குங்கள்

பெயர் தெரிந்துவிட்டது, இப்போது இடம் வேண்டும். புதியவர்கள் தங்கள் டிரைவர் முழுக்க பிரிண்ட்கே (கெர்னல் பதிவில் எழுதும்) வரிகளைத் தூவுவார்கள். அது உதவும்தான், ஆனால் எண் பெரும்பாலும் உங்கள் கோப்புக்குக் கீழே, பஸ் டிரைவரில் அல்லது ரெகுலேட்டர் அடுக்கில் பிறந்திருக்கும். அங்கே உங்கள் பிரிண்ட்கே எட்டாது.

கெர்னல் 6.5-இலிருந்து ஃபங்ஷன் கிராஃப் டிரேசருக்கு ‘ஃபங்க்கிராஃப்-ரெட்வால்’ என்ற தெரிவு இருக்கிறது. டிரேசர் பார்க்க வேண்டிய ஃபங்ஷனாக உங்கள் ப்ரோப்பின் பெயரைக் கொடுங்கள், இந்தத் தெரிவை இயக்குங்கள், சாதனத்தை டிரைவரிலிருந்து பிரித்து (அன்பைண்ட்) மறுபடி இணையுங்கள் (பைண்ட்). உள்ளே அழைக்கப்பட்ட ஃபங்ஷன்கள் மரம் போல விரியும், ஒவ்வொன்றின் முடிவிலும் அது திருப்பிய மதிப்பு இருக்கும். -121 எந்த ஆழத்தில் முதலில் தோன்றுகிறது என்று பாருங்கள். அதுதான் பிறந்த இடம். அதற்கு மேலே உள்ள எல்லாம் அதைக் கைமாற்றியவை.

பழைய கெர்னலில் இந்த வசதி இல்லையென்றால் கேரெட்ப்ரோப் வைத்து, சந்தேகப்படும் ஃபங்ஷன் ஒவ்வொன்றின் திரும்பும் மதிப்பையும் பதியலாம். கொஞ்சம் மெதுவான வேலை, ஆனால் கெர்னலை மறுபடி கட்டத் தேவையில்லை.

இடம் தெரிந்ததும் அந்தக் கோப்புக்கு மட்டும் டைனமிக் டீபக்கை இயக்குங்கள். பஸ் டிரைவர் எழுதியவர்கள் நமக்காகவே பல டீபக் வரிகளை விட்டு வைத்திருப்பார்கள். எல்லாக் கோப்புகளுக்கும் சேர்த்து இயக்காதீர்கள். பதிவு வெள்ளமாகி, நேரமும் மாறி, நேரம் சார்ந்த பிழைகள் ஒளிந்துகொள்ளும்.

-22 வந்தால் மட்டும் கூடுதல் பொறுமை வேண்டும். கெர்னலில் அது பிறக்கும் இடங்கள் எண்ணிலடங்கா. ஊகிக்க முயலாதீர்கள், நேராக டிரேசருக்குப் போங்கள்.

6. பஸ் சொல்வதை வன்பொருளோடு ஒப்பிடுங்கள்

ஐ2சி-யில் ஒரு சாதனம் தன் முகவரிக்கு ‘இருக்கிறேன்’ என்று பதில் தராவிட்டால் எந்த எண் வரும்? இது பஸ் கன்ட்ரோலரைப் பொறுத்தது. ராஸ்பெரி பையின் பிசிஎம்2835 டிரைவரும் டிசைன்வேர் டிரைவரும் -121 தரும். என்எக்ஸ்பி ஐ.எம்எக்ஸ் டிரைவர் -6 தரும். நிகழ்வு ஒன்றுதான், பெயர்தான் இரண்டு. ஒரு போர்டில் கற்றதை இன்னொரு போர்டுக்கு அப்படியே எடுத்துப்போனால் இங்கேதான் கால் இடறும். 4-ஆம் படியில் சொன்ன மௌனத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். -121 பதிவில் தெரியும், -6 தெரியாது. ஒரே டிரைவர், ஒரே கோளாறு, ஒரு போர்டில் கத்தும், இன்னொன்றில் சும்மா இருக்கும்.

-121 அல்லது -6 வந்தால் சோதிக்கும் வரிசை: முதலில் முகவரி. சில டேட்டாஷீட்டுகள் படி-எழுது பிட்டையும் சேர்த்து எட்டு பிட் முகவரியாகத் தரும். ஹெக்ஸில் 90 என்று போட்டிருப்பார்கள், லினக்ஸுக்கு வேண்டிய ஏழு பிட் முகவரி 48. அடுத்து, சென்சாரின் மின்காலில் மல்டிமீட்டர் வையுங்கள். பிறகு ரீசெட் கால். அதன் பிறகு இரண்டு கம்பிகளும் சும்மா இருக்கும்போது உயர் நிலையில் இருக்கின்றனவா பாருங்கள். பொதுவாக 4.7 கிலோ ஓம் புல்-அப் (கம்பியை உயர் நிலைக்கு இழுக்கும்) மின்தடை வைப்பார்கள். ராஸ்பெரி பையின் 3, 5-ஆம் பின்களில் 1.8 கிலோ ஓம் ஏற்கனவே போர்டிலேயே இருக்கிறது. வேறு போர்டுக்கு மாறும்போது அதை மறந்துவிட்டு, ‘பையில் ஓடியதே’ என்று குழம்புவார்கள்.

ஐ2சி-டிடெக்ட் கருவியில் முகவரியின் இடத்தில் ‘யூயூ’ என்று வந்தால் ஏற்கனவே ஒரு டிரைவர் அந்த முகவரியைப் பிடித்திருக்கிறது என்று பொருள். சாதனம் கெட்டுவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

-110 வேறு கதை. பரிமாற்றம் தொடங்கியது, முடியவில்லை. பெரும்பாலும் கடிகாரக் கம்பியை யாரோ கீழே இழுத்துப் பிடித்திருக்கிறார்கள், அல்லது கன்ட்ரோலரின் இன்டரப்ட் (செயலியைக் கூப்பிடும் குறிப்பு) வரவில்லை. படிக்கும் நடுவில் போர்டு ரீசெட் ஆனால் சென்சார் தரவுக் கம்பியைப் பிடித்தபடி நின்றுவிடுவதுண்டு. ஒன்பது கடிகாரத் துடிப்புகள் கொடுத்தால் விட்டுவிடும். பஸ் ரெக்கவரி செய்வது அதைத்தான்.

-11 வந்தால் பஸ்ஸின் உரிமையை இழந்ததாகப் பொருள். ஒரே ஒரு மாஸ்டர் உள்ள பஸ்ஸில் இது வருவதற்கு நியாயமே இல்லை, ஆகவே கம்பியில் இரைச்சலையோ ஷார்ட்டையோ தேடுங்கள்.

7. திரும்பிய மதிப்பைச் சரியான பாத்திரத்தில் பிடியுங்கள்

நான் பார்த்த பிழைகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு தலைப்புக்குள் அடங்கும். எண் சரியாகப் பிறந்து, நம் டிரைவருக்குள் வந்த பிறகு கெட்டுப்போகும் இடம் இது.

பைட் படிக்கும் எஸ்எம்பஸ் (ஐ2சி-யை ஒட்டிய நெறிமுறை) ஃபங்ஷன் வெற்றியில் 0 முதல் 255 வரை தரும், தோல்வியில் எதிர்மறை எண். அதை எட்டு பிட் மாறியில் நேரடியாக வாங்கினால் -121 என்பது 135 ஆகிவிடும், அதாவது ஹெக்ஸில் 87. -6 வந்தால் 250. சென்சார் கழன்று கிடக்கும். டிரைவர் ‘வெப்பநிலை 135’ என்று சொல்லிக்கொண்டிருக்கும். முதலில் இன்ட் மாறியில் வாங்குங்கள், எதிர்மறையா என்று பாருங்கள், பிறகுதான் பைட்டாக மாற்றுங்கள். ரெஜிஸ்டரில் 135-ம் 250-ம் திரும்பத் திரும்ப வந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இன்டரப்ட் எண்ணைத் தரும் ‘பிளாட்ஃபார்ம் கெட் ஐஆர்கியூ’ அடுத்த பொறி. ஒருமுறை என்னோடு வேலை செய்த ஒருவர் இரண்டு நாட்கள் -22-ஐத் துரத்தினார். இன்டரப்ட் கேட்கும் ஃபங்ஷன் -22 தருகிறது என்பது டிரேசில் தெளிவாகத் தெரிந்தது. கொடிகளை மாற்றினார், டிவைஸ் ட்ரீயை மாற்றினார், ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் மாறியின் வகையைப் பார்த்தோம்: குறியில்லா இன்ட். ஜிபிஐஓ (பொதுப் பயன் கால்கள்) விரிவாக்கச் சில்லு இன்னும் ஏறாததால் -517 வந்திருக்கிறது. குறியில்லா மாறியில் அது பெரும் நேர்மறை எண்ணாகி, ‘பூஜ்யத்துக்குக் கீழா’ என்ற சோதனையைத் தாண்டிவிட்டது. அந்த இல்லாத இன்டரப்ட் எண்ணைக் கேட்டதற்குத்தான் -22. ஒரு சொல்லைத் திருத்தியதும் டிரைவர் தானாகக் காத்திருந்து ஏறிக்கொண்டது. ‘கொஞ்சம் பொறு’ என்று வந்த செய்தி வழியில் ‘நீ கேட்டதே தப்பு’ என்று மாறியிருந்தது.

ஐ2சி டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷன் வெற்றியில் பூஜ்யம் தராது, எத்தனை செய்திகள் போயின என்ற எண்ணைத் தரும். ரெஜிஸ்டர் படிப்புக்கு எழுது ஒன்று, படி ஒன்று, ஆக 2. ‘பூஜ்யம் இல்லையென்றால் பிழை’ என்று எழுதியவருக்கு அந்த 2 பிழையாகி ப்ரோப் வழியாக வெளியே போகும். 2-ஆம் படியில் பார்த்த மைனஸ் இல்லாத எண் இப்படித்தான் வந்தது. எதிர்மறை என்றால் அதையே திருப்புங்கள், எதிர்பார்த்த எண்ணிக்கை இல்லையென்றால் -5 ஆக்குங்கள், சரியாக இருந்தால் பூஜ்யம்.

குறித்த நேரம் வரை காத்திருக்கும் கம்ப்ளீஷன் ஃபங்ஷன் இதற்கு நேர் எதிர். பூஜ்யம் என்றால் நேரம் முடிந்துவிட்டது, நேர்மறை என்றால் வேலை முடிந்தது. சாதாரண வடிவில் எதிர்மறை வரவே வராது, எனவே ‘பூஜ்யத்துக்குக் கீழா’ என்ற சோதனை எதையும் பிடிக்காது. பூஜ்யம் வந்தால் நீங்களே -110 ஆக மாற்றித் திருப்ப வேண்டும். சிக்னலால் குறுக்கிடக்கூடிய வடிவிலோ எதிர்மறை, பூஜ்யம், நேர்மறை மூன்றும் உண்டு.

பயனர் நினைவகத்துக்கு நகலெடுக்கும் ‘காப்பி டு யூசர்’, நகலாகாமல் மிஞ்சிய பைட்டுகளின் எண்ணிக்கையைத் தருகிறது. அதை அப்படியே ரீட் அழைப்பிலிருந்து திருப்பினால், அத்தனை பைட் வந்துவிட்டதாகப் பயனர் நிரல் நம்பும். மிச்சம் இருந்தால் -14.

இவை அனைத்துக்கும் பொதுவான பழக்கம் ஒன்றுதான்: புதிதாக எந்த ஃபங்ஷனைக் கூப்பிட்டாலும் அதன் தலைக்குறிப்பில் ‘என்ன திரும்பும்’ என்ற வரியைப் படித்துவிட்டு அடுத்த வரியை எழுதுங்கள்.

8. பாயிண்டருக்குள் ஒளிந்திருக்கும் எண்

சில ஃபங்ஷன்கள் பாயிண்டரை (நினைவக முகவரியை) திருப்பும், தோல்வியில் எரர் எண்ணையே பாயிண்டராக வேடமிட்டு அனுப்பும். முகவரி வெளியின் உச்சியில் உள்ள கடைசி 4095 மதிப்புகள் இதற்காக ஒதுக்கப்பட்டவை. ‘இஸ் எர்ர்’ சோதனை பார்ப்பது அதைத்தான்.

வேறு சில தோல்வியில் ‘நல்’ (NULL, எதையும் சுட்டாத வெற்றுப் பாயிண்டர்) தரும். நினைவகம் கேட்கும் ‘டெவ்எம் கேஇசட்அலாக்’ நல் தரும். ரெஜிஸ்டர் பகுதியை வரைபடமாக்கும் ‘டெவ்எம் ஐஓரீமேப் ரிசோர்ஸ்’ எரர் பாயிண்டர் தரும். இரண்டையும் மாற்றிச் சோதித்தால் சோதனை இருந்தும் இல்லாததுபோல்தான்.

விருப்பத்துக்குரிய ஜிபிஐஓ கேட்கும் வடிவில் மூன்று பதில்கள்: நல்ல பாயிண்டர், எரர் பாயிண்டர், நல். இங்கே நல் என்பது பிழை இல்லை. ‘இந்தப் போர்டில் அந்தக் கால் இணைக்கப்படவில்லை’ என்ற நேர்மையான பதில். அதைப் பிழையாக நினைத்து ப்ரோப்பை முறிப்பவர்கள் உண்டு. எரரையும் நல்லையும் சேர்த்துச் சோதிக்கும் ஃபங்ஷனை எட்டிப் பிடிக்கும்போது கையை ஒரு நொடி நிறுத்துங்கள். நல் வந்தபோது அந்தப் பாயிண்டரிலிருந்து எரர் எண் எடுத்தால் 0 வரும். ப்ரோப் வெற்றி என்று பதிவாகிவிடும்.

கெர்னல் ஊப்ஸ் (கெர்னலுக்குள் நடந்த கோளாறின் அறிக்கை) வந்து, அணுகிய முகவரி எஃப் எழுத்துகளாக வரிசை கட்டி நின்றால், யாரோ எரர் பாயிண்டரைச் சோதிக்காமல் பயன்படுத்தியிருக்கிறார்கள். கடைசி மூன்று இலக்கங்கள் டிஎஃப்பி என்றால் அது -517, கடைசி இலக்கம் மட்டும் 4 ஆகி மற்றதெல்லாம் எஃப் என்றால் -12. ஸ்ட்ரக்ட்டின் உறுப்பை அணுகியிருந்தால் அதன் தூரம் கூடியிருக்கும், அதைக் கழித்துப் பாருங்கள்.

9. பின்வாங்கும் பாதை

ஐந்து வளங்களை வாங்கி ஆறாவதில் தோற்றால், ஐந்தையும் வாங்கிய வரிசைக்கு எதிர் வரிசையில் விட வேண்டும். ‘goto’ லேபிள்கள் (பிழை வந்தால் நிரல் தாவும் இடங்கள்) அதற்குத்தான். டெவ்எம் என்று தொடங்கும் ஃபங்ஷன்கள் இதைத் தானாகச் செய்யும்.

ஆனால் இரண்டையும் கலக்கும்போது கவனம் வேண்டும். இன்டரப்டை டெவ்எம் வழியாகவும் நினைவகத்தைச் சாதாரண வழியிலும் வாங்கியிருந்தால், ரிமூவ் ஃபங்ஷனில் (டிரைவரைச் சாதனத்திலிருந்து பிரிக்கும்போது ஓடுவது) நீங்கள் நினைவகத்தை விடுவித்த பிறகும் இன்டரப்ட் உயிரோடு இருக்கும். ரிமூவ் முடிந்த பிறகுதான் அது விடுவிக்கப்படும். அந்த இடைவெளியில் ஒரு இன்டரப்ட் வந்தால், விடுவித்த நினைவகத்தில் கை வைக்கும்.

லேபிளுக்குத் தாவும் முன் திரும்பும் மாறியில் எண்ணை வைக்க மறப்பது இன்னொரு வழக்கமான தவறு. முந்தைய அழைப்பின் 0 அப்படியே இருக்கும். எல்லாவற்றையும் விடுவித்துவிட்டு ‘வெற்றி’ என்று திரும்பும். ஸ்மேட்ச் என்ற நிரல்-ஆய்வுக் கருவி இதைக் கண்டுபிடித்துச் சொல்லும், ஓட்டிப் பாருங்கள்.

மின் மேலாண்மையில் ‘பிஎம் ரன்டைம் கெட் சிங்க்’ தோற்றாலும் பயன்பாட்டு எண்ணிக்கையைக் கூட்டிவிடும். பிழை வழியில் அதைக் குறைக்காவிட்டால் சாதனம் அதன்பின் தூங்கவே போகாது. கெர்னல் 5.10-இல் வந்த ‘ரெஸ்யூம் அண்ட் கெட்’ வடிவம் தோற்றால் தானே குறைத்துக்கொள்ளும், அதையே பயன்படுத்துங்கள்.

10. மேலே என்ன அனுப்புவது, என்ன அச்சிடுவது

கீழிருந்து வந்த எண்ணை அப்படியே அனுப்புங்கள். எல்லாவற்றையும் -5 ஆக்கி அனுப்பும் பழக்கம் ஒரு வசதிபோலத் தெரியும், ஆனால் 4-ஆம் படியில் சொன்ன தள்ளிவைப்பு அதனால் செத்துவிடும், பின்னால் வருபவருக்குத் தடயமும் இருக்காது. மாற்ற நியாயம் உள்ள இடங்கள் சில: 7-ஆம் படியில் பார்த்த எண்ணிக்கை தரும் ஃபங்ஷன்கள், பிறகு பயனர் நிரல் சாதனத்துக்கு அனுப்பும், டிரைவருக்குத் தெரியாத ஐஓசிடிஎல் கட்டளை. அதற்கு -22 அல்ல, -25.

பிழை வரியில் என்ன செய்ய முயன்றோம் என்பதும் எண்ணும் இரண்டும் இருக்கட்டும். ‘தோல்வி’ என்று மட்டும் எழுதிய வரி யாருக்கும் உதவாது. எந்த ரெஜிஸ்டர், எந்த முகவரி என்று எழுதுங்கள். நினைவகம் கிடைக்காததற்கு வரி தேவையில்லை, கெர்னலே விரிவாகச் சொல்லிவிடும். ஒரே பிழையை ஒவ்வொரு அடுக்கிலும் அச்சிடாதீர்கள். அடிக்கடி ஓடும் பாதையில் ரேட்லிமிட் வடிவத்தைப் பயன்படுத்துங்கள். இயல்பாக அது 5 நொடிக்கு 10 வரிகள் வரைதான் விடும்.

மேலே சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று ஸ்ட்ரேஸ் (ஒரு நிரலின் கெர்னல் அழைப்புகளைக் காட்டும் கருவி) வைத்துப் பாருங்கள். சி நூலகம் எதிர்மறை எண்ணை -1 ஆக்கி, உண்மையான எண்ணை எர்நோ மாறியில் வைக்கும். ஸ்ட்ரேஸ் அதன் பெயரையும் பொருளையும் சேர்த்தே காட்டும்.

11. வேண்டுமென்றே தோற்கடித்துப் பாருங்கள்

பிழைப் பாதைகள் சாதாரணமாக ஓடுவதே இல்லை. ஓடாத பாதையில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

எளிய வழி, சென்சாரின் தரவுக் கம்பியை மட்டும் கழற்றிவிட்டு டிரைவரை ஏற்றுவது. ஜிபிஐஓ வழி ஐ2சி பயன்படுத்தினால் கெர்னலிலேயே பிழை புகுத்தும் வசதி இருக்கிறது. கம்பியைக் கீழே இழுத்துப் பிடிப்பதுபோல நடிக்கும்.

நினைவகப் பிழைக்கு ஃபெயில்ஸ்லாப் என்ற பிழை புகுத்தும் வசதி. ப்ரோக் அடைவில் ஒவ்வொரு டாஸ்க்குக்கும் ‘ஃபெயில்-என்த்’ என்ற கோப்பு உண்டு. அதில் 3 என்று எழுதினால் அந்த டாஸ்க்கின் மூன்றாவது நினைவகக் கோரிக்கை தோற்கும். ஒரு சின்ன சி நிரல் எழுதி, பைண்ட் கோப்பை முன்கூட்டியே திறந்து வைத்துக்கொண்டு, 1, 2, 3 என்று ஏற்றிக்கொண்டே போய் ஒவ்வொரு முறையும் பைண்ட் செய்யுங்கள். பிறகு ஃபெயில்-என்த் கோப்பைப் படியுங்கள். 0 என்றால் பிழை புகுந்தது. நேர்மறை எண் வந்தால் கோரிக்கைகள் தீர்ந்துவிட்டன, அங்கே நிறுத்தலாம்.

இதைச் செய்பவர்கள் பெரும்பாலும் ஒரு இடத்தில் மாட்டுவார்கள். ‘இக்னோர்-ஜிஎஃப்பி-வெயிட்’ என்ற தெரிவை ‘N’ என்று மாற்றாவிட்டால், தூங்கக்கூடிய சாதாரணக் கோரிக்கைகள் தோற்கவே தோற்காது. ப்ரோப்பில் இருப்பவை அநேகமாக எல்லாமே அந்த வகைதான். சோதனை ஓடியது, ஒன்றும் உடையவில்லை என்று மகிழ்வதற்கு முன் இதைச் சரிபாருங்கள்.

ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் மூன்றைப் பாருங்கள்: ப்ரோப் திருப்பிய எண் -12 தானா, கேமெம்லீக் (விடுவிக்கப்படாத நினைவகத்தைத் தேடும் வசதி) ஏதாவது சொல்கிறதா, பிழை புகுத்துவதை நிறுத்தியதும் அதே சாதனம் மறுபடி ஒழுங்காக பைண்ட் ஆகிறதா. மூன்றாவதில் -16 வந்தால் எங்கோ ஒரு வளம் விடப்படாமல் கிடக்கிறது. 9-ஆம் படிக்குத் திரும்பிப் போங்கள்.